நோம்பிக் கோழியும் நோயாளியின் கிண்ணமும்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் உள்நோயாளிகள் பிரிவுக்குள் நுழைவோரை மருந்து வாடைக்கு முன்பாக மிளகும் சீரகமும் கலந்த ஒரு மணம் எதிர்கொள்ளும். கட்டிலுக்குக் கட்டில் தூக்குப்போசிகளும் பிளாஸ்க்குகளும் வந்து சேர்ந்திருக்கும். ஆடி நோம்பி, மாரியம்மன் நோம்பி, பொங்கலை அடுத்த நாள் என்று கோழி அடித்து விருந்து வைக்கும் ஒவ்வொரு நோம்பிக்குப் பின்னும் கொங்கு நாட்டு மருத்துவமனைகளில் காணும் காட்சிதான் இது. வீட்டில் எல்லோரும் கூடி உண்ணும்போது கட்டிலில் கிடப்பவர் மட்டும் விடுபடலாகாது என்னும் அன்பே அந்தப் போசிகளில் நிறைந்திருக்கிறது. அந்த அன்பைக் குறை கூற இக்கட்டுரை எழுதப்படவில்லை. அது நோயாளியின் உடலில் முழுமையாகச் சேர வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அறுவை முடிந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. புண் மெல்லவே ஆறிக்கொண்டிருந்தது. நடைச்சட்டத்தைப் பற்றி எழுந்து நிற்கக் கைகளில் வலுவில்லை. உணவு குறித்து வினவியபோது, அருகிலிருந்த மகள், "கோழிச் சாறு பூராம் அம்மாவுக்கே குடுத்துட்டனுங்க; சக்கையத்தான் நாங்க தின்னுக்கிட்டோமுங்க" என்றார். தமக்கென எதையும் எடுத்துக்கொள்ளாமல் உயர்ந்த பகுதி முழுவதையும் தாய்க்கு ஈந்துவிட்டதாக அவர் மனமார நம்பினார். உண்மையில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. தாய்க்குத் தேவைப்பட்டதன் பெரும்பகுதி, 'சக்கை' என்று அவர் ஒதுக்கிய சதையில்தான் இருந்தது.

கோழியை வேகவைத்தால் அதன் சத்தெல்லாம் நீரில் இறங்கிவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே மிகப் பரவலானது. அது தோன்றியதற்குத் தக்க காரணமும் உண்டு. முன்பெல்லாம் கோழி என்றால் வீட்டு வாசலில் மேய்ந்த நாட்டுக்கோழிதான். முட்டையிட்டு ஓய்ந்த கோழியின் கறி, நெடுநேரம் வெந்த பின்னும் நார் நாராக நிற்கும். பல்லிழந்த முதியவரும் காய்ச்சலில் கிடப்பவரும் அதனை மெல்ல இயலாது; சாற்றை மட்டுமே பருக இயலும். ஆகவே சாறு நோயாளிக்கென்றும் கறி மற்றவர்க்கென்றும் பிரிந்தன. அந்தப் பிரிவினையில் அன்று ஒரு நியாயம் இருந்தது. இன்றோ பல்லடத்தைச் சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து வரும் கறிக்கோழி அரை மணி நேரத்தில் விரலால் பிய்க்கும் பதத்திற்கு வெந்துவிடுகிறது. காரணம் மறைந்த பின்னும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

இது நமக்கு மட்டுமே உரிய மயக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரத்து மருத்துவமனைகளில், எலும்பிலிருந்து வடித்த ஊன்பசையைக் கொண்டு சாறு காய்ச்சி ஏழை நோயாளிகளுக்கு வழங்கினர். இறைச்சிக்கு மாற்றாக அதுவே போதும் என்று கருதினர். பிரெஞ்சு அறிவியல் கழகம் அமைத்த குழு ஒன்று, உடலியல் அறிஞர் மகாந்தியின் தலைமையில் இதனை ஆராய்ந்து, 1841-இல் அறிக்கை அளித்தது. ஊன்பசையை மட்டும் உண்ட விலங்குகள் உயிர் தரிக்கவில்லை என்பது அதன் முடிவு. அதன் காரணம் பிற்காலத்தில் விளங்கியது. ஊன்பசையும் புரதமே; ஆயினும் உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் அதில் இல்லை. ஆறிய கோழிச்சாறு கூழ்போல் உறைவதைக் கண்டு 'எவ்வளவு சத்து' என்று வியக்கிறோமே, அந்த உறைவு பெரிதும் இந்த ஊன்பசையால் வருவதுதான். செவிலியர் பணியின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் தம் செவிலியர் நூலில், மாட்டிறைச்சிச் சாறே நோயாளிக்கு மிகுந்த ஊட்டம் தருவது என்று செவிலியர் எண்ணுவதைப் பெரும்பிழை என்று சுட்டினார். காய்ச்சி வற்றவைத்துப் பார்த்தால் எஞ்சும் திடப்பொருள் மிகச் சொற்பம் என்பது அவர் காட்டிய சான்று.

எண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வெந்த கோழிச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. வீட்டில் காய்ச்சி வடிகட்டிய தெளிந்த சாறு ஒரு குவளையில் 5 அல்லது 6 கிராம் இருந்தால் அதுவே மிகுதி. நலமுள்ள ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. இந்நிறுவனம் 1918-இல் நமக்கு அண்மையிலுள்ள குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் கணக்கின்படி 60 கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 50 கிராம் தேவை. நோயுற்ற முதியவர்க்கோ கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என மருத்துவ ஊட்டச்சத்து வழிகாட்டிகள் கூறுகின்றன. அதாவது 72 முதல் 90 கிராம். இரு குவளைச் சாறு அதில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. எஞ்சியது கிடைக்காதபோது உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. எழுந்து நிற்க வலுவில்லாமற் போவதும், புண் ஆறத் தாமதமாவதும் இதனோடு தொடர்புடையவை.

அப்படியெனில் கோழிச்சாறு பயனற்றதா? இல்லை. வெதுவெதுப்பும் மணமும் உப்பும் மங்கிக் கிடந்த பசியைத் தூண்டுகின்றன; உடலுக்கு நீரும் சேர்கிறது. 1978-இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகர மருத்துவமனை ஒன்றில் நலமுள்ள 15 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், சூடான கோழிச்சாறு பருகியபின் மூக்கிலுள்ள சளி விரைந்து நகர்வது அளவிட்டுக் காட்டப்பட்டது. அந்தப் பயன் அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறுவை முடிந்த தொடக்க நாள்களில் மருத்துவர் தெளிந்த திரவ உணவு மட்டும் கொடுக்கச் சொன்னால், வடிகட்டிய சாறே அப்போதைக்கு உரியது. ஆயினும் அது வழிதிறக்கும் உணவு. வழி திறந்த பின்னும் அதையே நாள்கணக்கில் தொடர்வதுதான் பிழை. சாற்றோடு சதையும், அதனுடன் சிறிது தானியமும் பருப்பும் காயும் சேர்ந்த கெட்டியான சூப்பே உடல் தேறுபவருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

இனி அந்தக் கோழி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் அது நோம்பியன்று மீந்த கோழி. விடியற்காலையில் குழம்பு கொதிக்கிறது. காலைப் பலகாரத்துக்கு ஒரு பகுதி, மதியத்துக்கு ஒரு பகுதி. உறவினர் வந்து போகப் போக மூடியைத் திறந்து அள்ளுகிறோம். மாலையில் மீந்ததை மறுபடி கொதிக்கவைக்கிறோம். மறுநாள் காலையில் அதிலிருந்த துண்டுகளை எடுத்து, நீரூற்றி மிளகு தட்டிப் போட்டால் நோயாளிக்குச் சாறு ஆகிவிடுகிறது. சுண்டவைத்த குழம்பின் சுவையை நான் அறியாதவள் அல்லேன். உடல்நலம் உள்ளவர் வயிறு பலவற்றைத் தாங்கிக்கொள்ளும். நோயுற்றவர் வயிறு அவ்வாறு தாங்குவதில்லை.

சமைத்த இறைச்சி 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும் நேரமெல்லாம் நுண்ணுயிர்கள் பெருகும் நேரம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றால் கோவை குளிர்ச்சியானது என்று நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் நம் உடலுக்கு இதமான 25 பாகை, நுண்ணுயிர்க்கும் இதமானதே. பெரிய அண்டாவில் உள்ள குழம்பு மேலே ஆறினாலும் நடுவில் பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கி, அந்த இளஞ்சூட்டில் முளைத்து விரைந்து பெருகும். கையின் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் விட்டுச்செல்லும் நஞ்சு, மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. எனவே 'நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டோம்' என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. நலமுள்ளவருக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது, சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரகம் நலிந்தவர்க்கும் முதியவர்க்கும் மீண்டும் மருத்துவமனைக் கட்டிலாக முடியலாம்.

அதற்காக உணவைக் கொட்டிவிடுவதா? விளைவித்தவர் உழைப்பையும் ஓர் உயிரையும் மதிக்கும் எவர்க்கும் அது உறுத்தும். நான் சொல்லும் வழி வேறு. நோயாளிக்கு உரியதை விருந்தின் முடிவில் தேடாமல், விருந்தின் தொடக்கத்திலேயே எடுத்துவையுங்கள். நோம்பிச் சமையல் தொடங்கும்போது, மசாலை சேர்க்குமுன், அரைக் கிலோ கறியைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கி, மஞ்சள் தூளும் ஐந்தாறு சின்ன வெங்காயமும் சிட்டிகை உப்பும் சேர்த்து ஒன்றரை லிட்டர் நீரில் நன்கு வேகவையுங்கள். வெந்ததும் அகன்ற, ஆழமற்ற பாத்திரங்களுக்கு மாற்றி, குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டத்தில் வைத்து விரைவாக ஆறவிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிர்பதனப் பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும். கடும் வெயில் காலமாயின் ஒரு மணி நேரத்துக்குள். இவ்வளவு செய்துவிட்டால், பிறகு நோம்பியைக் கவலையின்றிக் கொண்டாடலாம். மறுநாள் உங்கள் கையில் இருப்பது மீந்த கோழிதான். ஆனால் காவலோடு மீந்த கோழி.

மறுநாள், உறைந்த சாற்றின் மேல் படிந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். சதையை எலும்பிலிருந்து பிரித்துச் சிறு நார்களாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய கோழியில் எலும்புச் சில்லுகள் இருக்கும். ஒவ்வொரு பிடியையும் விரல்களுக்கிடையே நெருடிப் பார்த்த பின்னரே கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். பாசிப்பருப்பு 50 கிராம், சாமையரிசி 50 கிராம் இரண்டையும் கழுவி, நறுக்கிய கேரட், சுரைக்காயோடு குக்கரில் குழைய வேகவையுங்கள். வாணலியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை வதக்கி, வறுத்துப் பொடித்த மிளகு, சீரகம், கொத்தமல்லி விதையைச் சேருங்கள். அதில் சாற்றையும் வெந்த பருப்புக் கலவையையும் ஊற்றி, பிய்த்த கறியையும் இட்டு, நடுவிலும் குமிழி எழுமாறு சில நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள். இறக்கியபின் கொத்தமல்லித் தழையும், விரும்பினால் எலுமிச்சைச் சாறும் போதும். மெல்ல இயலாதவர்க்கு இதையே மிக்சியில் அரைத்துக் கொடுக்கலாம்.

இதில் நான்கு கிண்ணம் சூப்பு கிடைக்கும். கறி, பருப்பு, சாமை மூன்றிலும் உள்ள புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் கிண்ணத்துக்கு 15 கிராமுக்குக் குறையாது. தெளிந்த சாற்றைப் போல அது இரண்டு மூன்று மடங்கு. வேண்டிய ஒரு கிண்ணத்தை மட்டும் அவ்வப்போது எடுத்துக் கொதிக்கவையுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் எடுத்துவைக்க வேண்டாம். உடல் தேறுபவர்க்கான சூப்பை அடுத்த நாளுக்குள் முடித்துவிடுவது நன்று. மருத்துவமனைக்குக் கொண்டுவருவதாயின், பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றி, அதைக் கொட்டிவிட்டுக் கொதிக்கும் சூப்பை நிறைய ஊற்றி மூடுங்கள். கொண்டுவந்ததும் கொடுத்துவிடுங்கள். பாதி பருகிய கிண்ணத்தைக் கட்டிலருகே மேசைமேல் மூடிவைத்து, 'மாலையில் குடிப்பார்' என்று காத்திருக்க வேண்டாம்.

எல்லோர்க்கும் ஒரே கிண்ணம் பொருந்தாது என்பதையும் மறக்கலாகாது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்குப் புரதமும் உப்பும் பொட்டாசியமும் அளவோடு வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்குப் புரத அளவு மறுபடி மாறும். இதயம் பலவீனமுற்று நீர் அளவு குறிக்கப்பட்டவர்க்கு, சூப்பும் நீர்க்கணக்கில் சேரும். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலியால் வருந்துவோர்க்குக் கோழிச்சாறு ஏற்றதன்று. பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்படுவோர்க்கு நீர்த்த சாறு மூச்சுக்குழலுள் சென்றுவிடக்கூடும். எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்பதை அவருடைய சிகிச்சைக் குழுவே சொல்ல வேண்டும். புற்றுநோய் மருந்தேற்றத்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்க்கு எடுத்துவைத்த கறியும் வேண்டாம். அன்றே சமைத்து அப்போதே கொடுங்கள். ஐயம் இருப்பின், கொடுக்குமுன் உணவியல் பிரிவில் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

புலால் உண்ணாத குடும்பத்தார் இக்கட்டுரை தமக்கு உரியதன்று என்று எண்ண வேண்டாம். கொள்ளை வேகவைத்து, நீரை மட்டும் வடித்து ரசம் வைத்து நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, கொள்ளைக் கடைந்து மற்றவர் உண்பதும் நம் வீடுகளில் உண்டு. பருப்புத் தண்ணீரைச் சத்துணவு என்று குழந்தைக்கு ஊட்டுவதும் உண்டு. அங்கும் இதே பிழைதான் நிகழ்கிறது. கொள்ளு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி கொள்ளோடுதான் தங்குகிறது. வடித்த நீரில் கடைந்த கொள்ளையும் கலந்து கொடுங்கள்.

நோயாளிக்குச் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்பதில் நம் வீடுகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிறந்தது எது என்பதில்தான் பழைய நம்பிக்கை நம்மைச் சற்றுத் திசை மாற்றியிருக்கிறது. முதலில் எடுத்துவையுங்கள்; சதையோடு கொடுங்கள். இவ்விரண்டையும் கடைப்பிடித்தால் நோம்பிக் கோழி நோயாளியையும் சேர்த்தே விருந்தோம்பும்.

முன்னர்க் கூறிய மூதாட்டியின் மகளிடம் இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக நான் சொல்லவில்லை. கறியைப் பிய்த்துச் சாற்றோடு சேர்த்துக் குழையக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்; பின், "இத்தன நாளா நல்லதையெல்லாம் நாங்களே தின்னுட்டமுங்களா?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது உங்கள் குற்றமன்று, நாங்கள் முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அன்று அவருக்குச் சொன்ன அந்த விடையே இன்று இக்கட்டுரையை எழுதவைத்தது. அடுத்த நோம்பிக்கு முன்பாவது இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.